விதையும் விளைநிலமும்

புதியன காணும் ஆற்றல் ஒரு சிலருக்கே பிறவியில் வாய்க்கும் பேறு என்று பேசுவோர் இன்றும் நாட்டிலே இருக்கின்றனர். முன்பு அதைத் 'தலையெழுத்து' என்றனர். இப்போது 'தகுதி' என்கின்றனர். சொல் மாறிற்று, சூழ்ச்சி மாறவில்லை! ஒரு நாடு புதுப் பொறிகளையும் புது மருந்துகளையும் படைக்கும் திறனைப் பெறுவது அந்நாட்டாரின் பிறப்பாலா? அல்லது கல்விக்கூடங்களின் அமைப்பாலும் ஆட்சியாளர் வகுக்கும் நெறியாலுமா? இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே, சிற்றூர்ப் பள்ளியில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்தச் சமுதாயம் பட்டிருக்கும் கடன் எத்தகையது என்பது தெளிவாகும்.

தகுதி பேசுவோர் உடனே கணிதமேதை இராமானுசனைச் சாட்சிக்கு அழைப்பர். "குடந்தையிலே ஏழை வீட்டில் வளர்ந்தவர், கல்லூரித் தேர்விலே தோற்றவர், பட்டம் பெறாதவர். எந்தப் பல்கலைக் கழகம் அவரை ஆக்கிற்று?" என்று கேட்பர். நல்ல கேள்விதான். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்தலாமா? கணக்கிலே மூழ்கி மற்றப் பாடங்களில் தோற்றவருக்கு உதவித்தொகை இல்லை என்று கைவிரித்தது கல்லூரி விதி. 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக அமர்ந்தார். மறு ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகம், பட்டம் இல்லாதவர் என்று பாராமல், தன் விதியைத் தளர்த்தி, ஆராய்ச்சிக்கென மாதம் 75 ரூபாய் வழங்கிற்று. அதன் பின்னரே முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட அவருக்கு வழி பிறந்தது. ஒரு விதி அவரை வீழ்த்திற்று. ஒரு விதியின் தளர்ச்சி அவரை வாழவைத்தது. விதி என்றால், தோழர்களே, ஆண்டவன் எழுதியதன்று, அதிகாரி எழுதியது! அதுவும், இராமானுசன் எழுத்து நுழைந்திருந்த வீட்டிலே பிறந்தவர். எழுத்தே நுழையாமல் தடுக்கப்பட்ட வீடுகளில் எத்தனை இராமானுசன்கள் ஆடு மேய்த்து மடிந்தனரோ, கணக்கெடுத்தவர் யார்?

தனி மனிதரை விட்டு நாடுகளைப் பார்ப்போம். 1856 இல் இலண்டனில், பதினெட்டே வயது நிரம்பிய பெர்க்கின் என்ற மாணவர், கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது, ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். கண்டவர் ஆங்கிலேயர். துணி ஆலைகள் ஆங்கில நாட்டிலே. பணமும் அங்கே, சந்தையும் அங்கே. ஆயினும் 1914 இல் உலகச் சாயத்தில் பெரும்பகுதியைச் செய்தது செர்மனி! காரணம் என்ன? கீசன் நகரப் பல்கலைக் கழகத்தில் லீபிக் என்ற பேராசிரியர், மாணவர் தம் கையாலேயே சோதனை செய்து பயிலும் கூடத்தை அதற்கு வெகுகாலம் முன்பே அமைத்திருந்தார். அந்த முறை செர்மனி எங்கும் பரவிற்று. அங்குப் பயின்றோரை ஆலைகள் அழைத்துக் கொண்டன. ஆலைக்குள்ளேயே ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. 1897 இல் செர்மன் நிறுவனம் ஒன்று செயற்கை நீலத்தைச் சந்தைக்கு அனுப்பிற்று. பீகாரிலும் வங்கத்திலும் நம் தென்னார்க்காட்டிலும் நீலத்துக்காகப் பயிரிட்ட அவுரி வயல்கள் சுருங்கின. அவுரியை வழிவழியாக அறிந்தவன் நம் உழவன். பீரங்கியின்றி, கத்தியின்றி, கடல் கடந்த ஒரு வகுப்பறை அவனை வென்றது!

அப்படியானால் நம் நாட்டிலே நுட்பம் இல்லையா? இலுப்பூருக்கு அண்மையில் இருக்கிறது சித்தன்னவாசல். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அங்கே கற்கூரையில் தாமரைக் குளம் மலர்ந்திருக்கிறது. அந்த வண்ணங்களைக் குழைத்த கைகளுக்கு வேதியியல் தெரியாதா? தெரியும். ஆனால் கை அறிந்ததைக் கேட்டு எழுத மூளை வரவில்லை. மூளை அறிந்ததாகச் சொல்லிக் கொண்டோர் கையைத் தொடவில்லை! சாதி, மக்களை மட்டும் பிரிக்கவில்லை. உழைப்பையும் ஆராய்ச்சியையும் பிரித்துவிட்டது. இதைக் கறுப்புச் சட்டைக்காரர்தாம் கூறுகின்றனர் என்று எண்ண வேண்டா. வங்கத்து வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய், 1902 இல் முதற்பகுதி வெளிவந்த தம் இந்து வேதியியல் வரலாற்றிலே, கைத்தொழில் தாழ்ந்த சாதிக்கென ஒதுக்கப்பட்டதால் நாட்டில் அறிவியல் நாட்டமே அழிந்தது என்று எழுதினார்.

அந்தப் பிரிவினை இன்னும் வகுப்பறையில் வாழ்கிறது. தந்தையுடன் சேர்ந்து கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்கும் மாணவன், பாடநூலில் மின்னோட்டம் வந்ததும் நடுங்குகிறான். தான் செய்வதும் நூல் சொல்வதும் ஒன்றே என்று அவனுக்கு எவரும் காட்டவில்லை. ஆசிரியர் தொழிலில் இருக்கும் நான் நாள்தோறும் காணும் காட்சி இது.

பிரிந்ததைச் சேர்த்தால் என்ன நிகழும்? தோல் பதனிடுவதை இழிதொழில் என்றது பழமை. அத்தொழிலுக்கு 1948 இல் சென்னையிலே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பல்கலைக் கழகத்தின் தோல் தொழில்நுட்பப் படிப்பும் அதனோடு கைகோத்து நடந்தது. உழவர் குடியிலே பிறந்த நாயுடம்மா 1958 இல் அதன் இயக்குநரானார். 1970களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முடிவுற்ற பொருளைச் செய்யுமாறு தூண்டிற்று அரசு. கல்வி, ஆய்வு, கொள்கை மூன்றும் இணைந்தன; ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் உலகச் சந்தையில் இடம் பெற்றன. குறையையும் மறைக்க வேண்டா. ஆலைக் கழிவால் பாலாறு பாழாயிற்று; 1996 இல் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. புதுமை யாருக்காக என்ற கேள்வியையும் கல்வி கற்பிக்காவிடில், திறன் வளரும், நீதி வளராது!

நம் மாவட்டத்திலேயே இன்னொரு சான்று உண்டு. உளுந்துப் பயிரின் இலை மஞ்சளாகித் திட்டுத் திட்டாய் மாறினால், கண்ணேறு பட்டது என்று கழிப்புக் கழிக்கலாம். வெள்ளை ஈ அஞ்சி ஓடுமா? அந்த ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் உளுந்து வகைகளை உருவாக்கி, வம்பன் என்ற நம் ஊர்ப் பெயரையே அவற்றுக்குச் சூட்டியது, அங்கே வேளாண்மைப் பல்கலைக் கழகம் நடத்தும் பயறு ஆராய்ச்சி மையம். வானம் பார்த்த பூமிக்கு ஆராய்ச்சி நடந்து வந்தது!

வாயிலைத் திறப்பதில் தமிழ்நாடு தயங்கவில்லை. 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு நீங்கிற்று. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 2020 இலும் பொறியியலில் 2021 இலும் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 2021-22 ஆம் ஆண்டுக் கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை நாடு முழுவதும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டிலே 47. வாயில் திறந்தது, உள்ளே என்ன வைத்திருக்கிறோம்? இந்தியா ஆராய்ச்சிக்கெனச் செலவிட்டது, 2020-21 கணக்குப்படி, மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடே! நூறு ரூபாயில் ஒரு ரூபாய்கூட இல்லை. சோதனைக் குழாயைத் தொடாமலே வேதியியல் பட்டம் பெறுவோரை வளர்த்துவிட்டு, புதுமை ஏன் பிறக்கவில்லை என்று புலம்புவதில் பொருளுண்டோ?

எனவே தோழர்களே, இட ஒதுக்கீட்டைக் கேட்டுப் பெற்ற நாம் ஆய்வுக்கூடத்தையும் கேட்டுப் பெறவேண்டும். சிற்றூர்ப் பள்ளியிலே ஓர் உண்மையான சோதனைச் சாலை; ஊரின் நீருக்கும் நிலத்துக்கும் தொழிலுக்கும் விடை தேடும் கல்லூரி; உழவனையும் கம்மியனையும் ஆசானாய் மதிக்கும் பல்கலைக் கழகம். இவை சலுகைகளல்ல, கொடுக்கப்படாமல் நின்றுபோன பழங்கடன். விதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. நிலத்தை மறுத்தவர்கள் விதையைப் பழித்தார்கள். நாம் நிலத்தைக் கேட்போம்!