ரோஜாவின் முறைத்தண்ணீர்

தண்ணீருக்குத் தவிக்கும் நாட்டில் பூச்செடிக்கு நீர் வார்ப்பது தகுமா? பயிர் வாடிக் குடம் வற்றிக் கிடக்கும் நாளில், எவர் பசியையும் தீர்க்காத ஒரு முட்செடியின் வேருக்கு ஊற்றும் நீர் வீண்விரயத்தில் சேராதா? விடை உடனே நாவில் வந்து நிற்கும். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்யும்போதும் நீரை விரயமாக்கலாகாது என்னும் நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆறே இல்லாத ஊரில் ரோஜா வளர்ப்பதை எங்ஙனம் ஒப்புவோம்?

ஆயினும் ஒரு விந்தையை நோக்குவோம். மணத்தால் பேரெடுத்த ரோஜாத் தோட்டங்கள் பல, மழை மறந்த மண்ணிலேயே அமைந்துள்ளன. ஈரானில் காஷானை அடுத்த கம்ஸர், சிரியாவின் கலமூன் மேட்டிலுள்ள அல்மராஹ் என்னும் சிற்றூர், சவூதியின் தாயிஃப், ஓமானின் ஜபல் அக்தர் ஆகிய எல்லாமே வறண்ட நாடுகளின் மேட்டு நிலங்கள். திருமண அவையில் பன்னீர்ச்செம்பு கைமாறும்போது நமக்குச் செழிப்பின் நினைவே வருகிறது. கஅபாவைக் கழுவும் ஸம்ஸம் நீரில் கலக்கும் பன்னீரின் மணமோ, கல்லும் வெயிலும் சூழ்ந்த தாயிஃபின் மலைச்சரிவுகளுக்கு உரியது.

இங்கே ரோஜா என்று நாம் குறிப்பது, பூக்கடையில் நீண்ட காம்போடு நிற்கும் இக்காலத்துப் பூவை அன்று. 1867ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் ‘லா பிரான்ஸ்’ என்னும் வகை தோன்றிற்று. அதற்கு முன்பே வழக்கில் இருந்த இனங்களைத்தான் தோட்டக்கலையினர் பழைய ரோஜாக்கள் என்பர். அவற்றுள் மூத்த குடிகளில் ஒன்று டமாஸ்கஸ் ரோஜா. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் மரபணுவைச் சோதித்து, மூன்று காட்டினங்களின் கலப்பில் பிறந்தது இது என்று கண்டனர். மூன்றில் ஒன்று மத்திய ஆசியாவுக்கு உரியது. வறட்சியைத் தாங்கும் குணம் எந்தப் பாட்டனின் சொத்தோ!

புதிய ரோஜா இடைவிடாது பூக்க வேண்டுமென்று வளர்க்கப்பட்டது. ஒவ்வொரு பூச்சுற்றுக்கும் அது நீரும் உரமும் கேட்கும். கோடையில் இரண்டு வாரம் மறந்தால் முகம் கறுக்கும். டமாஸ்கஸ் ரோஜாவின் பெரும்பாலான வகைகளோ, ஆண்டில் ஒரே ஒரு பருவத்தில், வசந்தத்தின் சில வாரங்கள் மட்டும் பூக்கும். அதன்பின் வெயில் ஏறும்போது இலையைச் சிறிதாக்கிக்கொண்டு பேச்சடங்கி நிற்கும். பார்ப்பவர் செடி பட்டதென்று எண்ணுவதும் உண்டு. ஓராண்டு காத்திருந்து மூன்று, நான்கு வாரப் பூவைப் பெறுவதற்கு எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது என்பது வேறு கேள்வி.

இதனை வளர்க்கும் முறையும் அறியத் தக்கது. நாள்தோறும் மேலாகத் தெளித்த நீர் வேரை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும். ஒரு வாரம் தவறினால் அவ்வேர் காய்ந்துபோகும். எப்போதாவது ஊற்றினும் ஆழ நனையுமாறு ஊற்றினால், ஈரத்தைத் தேடி வேர் கீழிறங்கும். செடியைச் சுற்றி மண் தெரியாதவாறு சருகும் வைக்கோலும் பரப்ப வேண்டும். ஒட்டுக்கட்டாமல் தன் வேரிலேயே நின்ற செடியாயின், மேற்பாகம் முழுதும் பட்டாலும் அடியிலிருந்து அதே இனம் துளிர்க்கும். ஒட்டுச்செடி அப்படியன்று, பட்டபின் துளிர்ப்பது அடிக்கட்டையாக வைத்த காட்டுச்செடியே.

இனி ஜபல் அக்தருக்கு வருவோம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2000 மீட்டர் உயரம். ஆண்டு மழை சுமார் 300 மில்லிமீட்டர். அதுவும் ஆண்டுக்காண்டு மாறும். தமிழகத்தின் சராசரியோ 900 மில்லிமீட்டரைத் தாண்டும்; அதை வைத்துக்கொண்டே நாம் படும் பாட்டை நாமறிவோம். அம்மலையில் பேரீச்சை வளராது. மாதுளையும் அக்ரூட்டும் ரோஜாவும் படிப்படியாக அமைத்த சிறு வயல்களில் நிற்கின்றன. ஊற்றுநீர் தொட்டியில் சேர்ந்து, ‘ஃபலஜ்’ என்னும் கால்வாய் வழியே இறங்குகிறது. பங்காகப் பிரித்தல் என்பதே அச்சொல்லின் பொருள். நீர் முதலில் குடிப்பதற்கு. அடுத்து பள்ளிவாசலுக்கும் குளிப்பதற்கும். அதன் பிறகே வயலுக்கு. ஓமானின் ஃபலஜ்களில் பகலில் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து, ஏறத்தாழ அரைமணி கொண்ட ‘அதர்’ என்னும் அளவால் ஒவ்வொருவர் முறையையும் கணித்தனர்.

ஊற்றுச் சுருங்கும் ஆண்டில் என்ன செய்வர்? பூண்டும் வெங்காயமும் விதைக்கும் பாத்திகளைத் தரிசாக விட்டு, மரங்களையும் நிலைத்த செடிகளையும் காப்பர். இங்கேதான் நம் முதற்கேள்வி கூர்மை பெறுகிறது. உண்ணும் பூண்டு விடப்படுகிறது. உண்ணாத ரோஜா நீர் பெறுகிறது! மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர் இதனைக் கொடுமை என்பர். விடப்பட்ட பாத்தியில் மழை வந்தவுடன் மீண்டும் விதைக்கலாம்; பட்டுப்போன மரத்தையும் பல்லாண்டுச் செடியையும் அப்படி ஒரே பருவத்தில் மீட்க இயலாது. எது திரும்பி வரும், எது வாராது என்று எண்ணிப் பார்த்தவனின் கணக்கு அது. பசியைப் பொருட்படுத்தாதவனின் கணக்கு என்று நாம் அதைச் சொல்ல மாட்டோம்.

ரோஜாவுக்காக வாதிடுவோர் வழக்கமாக வேறொரு காரணம் கூறுவர். அது வெறும் அழகன்று, வருமானம் என்பர். உண்மைதான். விடியுமுன் பறித்த பூவைச் செம்புப் பாத்திரத்திலிட்டு மண் அடுப்பில் வடித்த பன்னீர், ஓமானின் அல்வாவிலும் காபியிலும் கலக்கிறது. குடும்பங்களுக்குச் சோறும் போடுகிறது. ஆனால் இந்த வாதத்தை நாம் எச்சரிக்கையோடுதான் ஏற்போம். பணம் தருவதனால்தான் பூவுக்கு நீர் உண்டு என்று ஒப்பிவிட்டால், அதே நீருக்குக் கூடுதல் விலை தருபவன் வரும் நாளில் பேச வாயிராது. ஜபல் அக்தருக்கு இந்த நூற்றாண்டில் தார்ச்சாலை ஏறியது. 2014க்குப் பின் பெரிய விடுதிகள் எழுந்தன. மலையில் நீர்த்தேவை பெருகிற்று. விருந்தினர் வருவதோ அந்தப் படிவயல்களின் பசுமையைக் காணத்தான்!

அப்படியாயின் ரோஜாவின் உரிமை எதில் நிற்கிறது? நமக்கு ஸமூது கூட்டத்தாரின் வரலாறு நினைவுக்கு வருகிறது. நபி சாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்துக்கு ஒரு நாள் நீர், மக்களுக்கு ஒரு நாள் நீர் என்று முறை வகுக்கப்பட்டதைத் திருமறை கூறுகிறது. அவ்வொட்டகம் அத்தாட்சியாக வந்தது. ரோஜாவை அதற்கு நிகராக்க நாம் துணியவில்லை. எனினும் பேச்சற்ற ஓர் உயிருக்கும் நீரில் ஒரு முறை உண்டு என்பது அங்கே தெளிவாகிறது. அம்முறையைப் பொறுக்காமல் ஒட்டகத்தின் கால் நரம்பை அறுத்தவர்கள், நீரின்றிச் சாகவிருந்த ஏழைகளல்லர். மலையைக் குடைந்து மாளிகை அமைத்துக்கொண்ட வலியவர்கள்.

ஆகவே பூ ஆகுமா, ஆகாதா என்று கேட்பதைவிட, அது வரிசையில் எங்கே நிற்கிறது என்று கேட்பதே பொருத்தம். மனிதரும் பள்ளிவாசலும் பெற்றபின் தன் முறைக்குக் காத்து, கிடைத்ததை ஆழ உறிஞ்சி, கோடையில் கேளாமல் நிற்கும் செடியை விரயம் என்று எவ்வாறு சொல்வது? பக்கத்து வீட்டுக் குடம் காத்துக் கிடக்கையில், புல்தரைக்கும் புதுரோஜாவுக்கும் குழாயைத் திறந்துவிட்டு உறங்கும் மாளிகையை எவ்வாறு சொல்லாமலிருப்பது? செடியின் மேல் குற்றமில்லை. காத்திருக்கத் தெரிந்த செடிகளை ஒதுக்கி, காத்திருக்கத் தெரியாதவற்றையே நாம் விரும்பி வாங்குகிறோம்.

வீட்டில் ஒருவர் ஐவேளையும் ஒளுச் செய்யும் நீரை ஒரு தொட்டியில் தேக்கினால், இரண்டு மூன்று செடிகளுக்குப் போதும். அதில் சோப்பும் இல்லை, உப்பும் ஏறுவதில்லை. வடிகாலுக்குப் போகும் அந்த நீரைத் திருப்பிவிட ஒரு முழம் வாய்க்கால் வெட்டினால் ஆயிற்று. ரோஜாவுக்கென்று தனியாக ஒரு குடம் சுமக்க வேண்டியதில்லை.