இல்லையா? தென்படவில்லையா?

டிசம்பர் மாதத்து மாலைப்பொழுது. ஏர்க்காட்டில், சேர்வராயன் மலை விளிம்பிலுள்ள லேடீஸ் சீட்டில் நாம் நின்றிருந்தோம். கீழே சேலத்து விளக்குகள் ஒவ்வொன்றாய் மின்னத் தொடங்கிய வேளையில் மூடுபனி எழுந்து யாவற்றையும் மறைத்தது. எங்கோ உலரும் காப்பிக்கொட்டையின் வாசத்தைக் காற்று மட்டும் கொண்டுவந்தது.

"சேலம் இல்லாமற் போய்விட்டதா, நன்னா?" என்று கேட்டான் பேரன்.

"இல்லாமற் போகவில்லை, நமக்குத் தென்படவில்லை" என்றோம்.

குழந்தைக்கு எளிதாய்ச் சொல்லிவிட்ட இவ்வேறுபாட்டை, மனிதரை எடைபோடும்போது நாம் பேணுகின்றோமா?

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையன்று. மிக மெல்லிய வாயு அங்கே பரவியுள்ளது. கதிரவன் தன் குடும்பத்துடன் அதனூடே செல்வதால், அவ்வாயு நொடிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வீசுகிறது. அதிலுள்ள மின்னேற்றம் பெற்ற துகள்களைக் கதிரவனிலிருந்து புறப்படும் காற்று தொலைவிலேயே ஒதுக்கிவிடுகிறது. கதிரவனையும் அக்காற்றையும் ஆராயவே, செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி அவர்கள் திட்ட இயக்குநராய் வழிநடத்திய ஆதித்யா-எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

மின்னேற்றமற்ற அணுக்களோ தடையின்றி உள்ளே வருகின்றன. காணாத தோட்டத்தின் வாசம் நம்மை வந்தடைந்ததைப் போல. அவற்றையும் எண்ணவல்ல ஐபெக்ஸ் என்னும் சிறு விண்கலத்தை 2008 அக்டோபரில் அமெரிக்கா அனுப்பியது. அதன் முடிவு 2012-இல் வெளியாயிற்று. நம் கதிரவக் குடும்பத்தில் 20 நியான் அணுக்களுக்கு 111 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. வெளியிலிருந்து வந்த வாயுவிலோ 20 நியானுக்கு 74 ஆக்சிஜனே இருந்தது.

எஞ்சிய ஆக்சிஜன் எங்கே? அறிஞர்கள் இரண்டு வழிகளைச் சொன்னார்கள். நம் கதிரவன் பிறந்த இடம் வேறாயிருக்கலாம்; அன்றேல், அந்த ஆக்சிஜன் அண்டவெளித் தூசியிலும் பனிக்கட்டியிலும் கலந்து மறைந்திருக்கலாம். நியான் எதனோடும் சேராது தனித்து நிற்பது. ஆகவே எண்ணுவது எளிது. ஆக்சிஜனோ பிறவற்றோடு கலந்துவிடும் இயல்பினது. கலந்ததனாலேயே கணக்கில் குறைந்துவிடுகிறது.

இதைப் படித்தபோது நமக்குப் பழைய நிகழ்ச்சியொன்று நினைவில் தைத்தது. நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பிள்ளையின் தந்தை முப்பது ஆண்டுகள் கடை நடத்தியவர். வீட்டிலோ ஒரு நல்ல நாற்காலியும் இல்லை. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்றெண்ணி, கைப்பிடிப்பில்லாத குடும்பம் என்று முடிவுகட்டி மறுத்துவிட்டோம். காலஞ்சென்ற தம்பியின் கடனையும் அத்தம்பி மக்களின் படிப்பையும் அவர் சுமந்துவந்தது பின்னரே தெரிந்தது. அவருடைய பொருள் இல்லாமற் போகவில்லை. பிறர் வாழ்வில் கலந்திருந்தது. வருத்தம் தெரிவிக்க நாம் சென்றபோது, பிள்ளைக்கு வேறிடத்தில் நிக்காஹ் முடிந்திருந்தது.

அப்படியாயின் எவரையும் மதிப்பிடவே கூடாதா? பெண்ணைப் பெற்றவர் விசாரியாமல் இருக்க இயலுமா? இயலாது. அறிஞர்களும் 74 என்ற எண்ணை மறைக்கவில்லை. கண்டதைக் கண்டபடி சொன்னார்கள். ஆனால் காணாததை 'இல்லை' என்று தீர்ப்பளிக்கவில்லை. விசாரணை நம் கடமை. அதை அரைவழியில் நிறுத்திவிட்டுத் தீர்ப்புச் சொல்வதே அநீதி.

2025 செப்டம்பரில் ஏவப்பட்ட ஐமேப் விண்கலம் வாயு அணுக்களை மட்டுமன்றி, அண்டவெளித் தூசியையும் பிடித்து ஆராயும் கருவியைத் தாங்கிச் சென்றுள்ளது. விடுபட்டதைத் தேட இன்னொரு கலம் அனுப்புகிறார்கள். அண்டை வீட்டாரைப் பற்றி ஒரு சொல் சொல்லுமுன், இன்னொரு முறை அவர் வாசல்வரை சென்றுவர நமக்கு என்ன தடை?

பனி விலகியது. சேலம் அங்கேயே இருந்தது.