விற்கப்படாத அரை மணி

காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை ஒருவர் கூலிக்கு அமர்ந்தால், அந்தப் பத்து மணி நேரமும் முதலாளிக்குச் சொந்தமாகிவிடுகிறதா? நம் இமாம்கள் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில், இஜாரா என்னும் கூலி ஒப்பந்தத்தைப் பற்றிய பாடத்தைப் புரட்டினால், பர்ளுத் தொழுகைக்கும் அதற்குரிய ஒளூவுக்கும், சாப்பாட்டுக்கும், மலஜலத் தேவைக்கும் ஆகும் நேரம் ஒப்பந்தத்திலிருந்து நீங்கியது என்று எழுதியிருப்பதைக் காணலாம். வாயால் பேசிக்கொள்ளாவிட்டாலும் அது நீங்கியதுதான். அதற்காகக் கூலியில் பிடித்தமும் இல்லை. அதாவது, அந்த நேரத்தைத் தொழிலாளி விற்கவே இல்லை. முதலாளி வாங்கவும் இல்லை.

இந்த மஸ்அலாவை இப்போது நினைவுபடுத்தக் காரணம், வீடு வீடாகப் பார்ஸல் கொண்டுபோகும் வேன் டிரைவர்களின் நிலைமைதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு முப்பது நிமிடம் சாப்பாட்டு இடைவேளை தரவேண்டும். தராவிட்டால் ஒரு மணி நேரக் கூலியைக் கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே எந்த மானேஜரும் "இடைவேளை எடுக்காதே" என்று வாய் திறந்து சொல்வதில்லை. "இன்றைக்கு நூற்றெண்பது பார்ஸல்" என்கிறார். "வேன் ஒரே இடத்தில் பன்னிரண்டு நிமிடமாக நிற்கிறதே, என்ன விஷயம்?" என்று ஃபோனில் கேட்கிறார். நாளைக்கு நல்ல ரூட்டு யாருக்கு, வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவர் யார் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. டிரைவர் புரிந்துகொள்கிறார். ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் ரொட்டியுமாக ஓட்டுகிறார்.

2021 மார்ச் மாதத்தில், அமேசான் தொழிலாளர்கள் பாட்டிலில் சிறுநீர் கழிக்கிறார்கள் என்று அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் மார்க் போகன் சொன்னார். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று அந்தக் கம்பெனி பகிரங்கமாகக் கேலி பேசியது. டிரைவர்கள் சாட்சி சொல்லத் தொடங்கியதும், ஏப்ரல் 2-ஆம் தேதி மன்னிப்புக் கேட்டது. போக்குவரத்து நெரிசலாலும் கிராமப்புறப் பாதைகளாலும் டிரைவர்களுக்குக் கழிப்பறை கிடைப்பது சிரமமாகிறது, இது இந்தத் தொழில் முழுவதிலும் உள்ள கஷ்டம் என்று ஒப்புக்கொண்டது. பாதையில் கழிப்பறை இல்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். கையில் நேரம் உள்ளவன் இரண்டு மைல் சுற்றிப்போயாவது ஓர் இடத்தைத் தேடிக்கொள்வான் அல்லவா?

மார்க்கம் இந்தத் தேவைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். சாப்பாடு முன்னே வந்திருக்கும்போதும், மலஜலத்தை அடக்கிக்கொண்டிருக்கும்போதும் தொழ வேண்டாம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தொழுகையே சற்றுக் காத்திருக்கலாம், உடம்பின் தேவை முடியட்டும் என்று படைத்தவனின் மார்க்கம் சொல்கிறது. ஒரு ஜோடிச் செருப்பு இருக்கும் அட்டைப்பெட்டி காத்திருக்காதாம்!

மானேஜர்களிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் உண்டு: "நான் கட்டாயப்படுத்தவில்லை. அவரே விட்டுக்கொடுத்தார்." இந்தப் பதிலைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. விட்டுக்கொடுப்பது நற்குணமல்லவா? கூலியாள் மனமுவந்து கூடுதலாக உழைத்தால் அது யாருக்குக் கெடுதல்?

திருமறையின் கஸஸ் அத்தியாயத்தில் ஒரு கூலி ஒப்பந்தம் வருகிறது. மத்யன் நகரத்துப் பெரியவர் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்போது, எட்டு ஆண்டு என்று தவணை பேசுகிறார்; பத்தாகப் பூர்த்தி செய்தால் அது உம் விருப்பம் என்கிறார்; உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்ற கருத்தையும் சேர்த்துச் சொல்கிறார். மூஸா (அலை) அவர்களும், இரண்டில் எதை முடித்தாலும் என்மேல் குற்றம் வரக்கூடாது என்று உறுதி வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் அதிகமான தவணையையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னது புகாரியில் உள்ளது. அந்த இரண்டு ஆண்டு நன்கொடை ஆயிற்று. எட்டோடு நிறுத்தியிருந்தால் ஒரு முகச்சுளிப்பும் வந்திராது என்பதால்தான் அது நன்கொடை. இடைவேளை எடுத்தால் நாளைய ரூட்டு போய்விடும் என்ற பயத்தில் விட்டுக்கொடுப்பதை மனப்பொருத்தம் என்று எந்த ஆலிமும் எழுதமாட்டார்.

கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றமும் 2012-ல், பிரிங்கர் வழக்கில், இதற்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. இடைவேளையில் தொழிலாளி வேலை செய்யாமல் இருக்கிறாரா என்று முதலாளி காவல் காக்க வேண்டியதில்லை. ஆனால் அவரை வேலையிலிருந்து விடுவிக்கவேண்டும், இடைவேளையைத் தடுக்கவோ, எடுக்கவிடாமல் மனத்தைத் தளரச் செய்யவோ கூடாது என்று தீர்ப்பளித்தது.

இதைவிட மோசமானது பொய்க் கணக்கு. ஃபோனில் இடைவேளை என்று பதிந்துவிட்டு அந்த அரை மணியிலும் பார்ஸல் கொடுப்பது. பசி இன்றோடு தீர்ந்துவிடும். எழுதிய பொய் ஏட்டில் நிற்கும். பயந்து எழுதியவரின் பொறுப்பு இலேசானது, எழுதும்படி நெருக்கியவரின் பொறுப்பு கனமானது. (அரை மணியை ஒரு மணியாக இழுத்துவிட்டு முழுக் கூலி வாங்குகிறவரும் அளவையில் குறைப்பவர்தான். அதில் வாதம் இல்லை.)

மானேஜர் மேல் எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. அவருக்கு மேலும் ஒரு மானேஜர் இருக்கிறார். ஆனால் படைத்தவனுக்கு மாறான காரியத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். கைக்குக் கீழே உள்ளவர்கள்மேல் தாங்காத பாரத்தைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். இதன்படி மானேஜருக்கு இரண்டு வழிதான்: பார்ஸலைக் குறைக்கவேண்டும், அல்லது தாமும் வேனில் ஏறிக் கொஞ்சம் சுமக்கவேண்டும். பட்டினி போட்டு வேலை வாங்குகிறார் என்று முறையிட்ட ஒட்டகத்துக்காகக்கூட, அதன் சொந்தக்காரரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள்.

நம் நாட்டில், 1961-ல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், அரை மணி ஓய்வு கொடுக்காமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று விதித்திருந்தது. இன்று மோட்டார் சைக்கிளில் சாப்பாடும் மளிகையும் கொண்டுவரும் வாலிபர்களுக்கோ, தொழிலாளி என்ற பெயரே இல்லை. "பார்ட்னர்" என்று சொல்லிவிடுகிறார்கள். லாபத்தில் பங்கில்லாத கூட்டாளியை நாம் எந்த மத்ஹபிலும் கண்டதில்லை. சென்னை மாநகராட்சி 2025-ல் இவர்களுக்காக அண்ணா நகரில் கழிப்பறையோடு குளிர்சாதன ஓய்வறை ஒன்றைத் திறந்தது. நல்ல காரியம். ஆனால் ஊர் முழுவதற்கும் அது போதாது.

நம் பள்ளிவாசல்கள் அநேகமாக எல்லாப் பேட்டையிலும் இருக்கின்றன. தண்ணீரும் கழிப்பறையும் நிழலும் இருக்கின்றன. லுஹருக்குப் பின் வாயிலைப் பூட்டி அஸருக்குத் திறக்கும் ஜமாஅத்துகள் பல. வெயில் கொளுத்தும் வேளையும் அதுதான். வெளிப்புறக் கழிப்பறையையும் ஒரு குழாயையும் மட்டும், எந்த மதத்தவர் வந்தாலும் பயன்படும்படி, பூட்டாமல் விடலாம். தண்ணீர்ச் செலவும் துப்புரவுச் செலவும் கூடும் என்று நிர்வாகிகள் சொன்னால், பார்ஸல் வரவழைக்கும் வீடுகளிடமே மாதச் சந்தாவோடு ஐந்தோ பத்தோ சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.