பயிற்றுமொழியும் பெற்றோர் கடனும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு வினா ஓயாது எழுகிறது: நம் குழந்தை எம்மொழியில் கல்வி பயில வேண்டும்? பள்ளி அருகில் உள்ளதா, கட்டணம் எவ்வளவு, பிற்காலத்தில் வேலை கிடைக்குமா என்பனவே பெரும்பாலும் நம் கணக்கு. ஆயின் இஃது அறம் பற்றிய வினாவும் ஆகும். முடிவு செய்பவர் பெற்றோர். அதன் விளைவை வாழ்நாள் முழுதும் சுமப்பதோ, கருத்துக் கேட்கப்படாத குழந்தை.

இவ்வினாவை ஆராய்ந்த நாடுகள் பல. நைஜீரியாவில் இஃபே பல்கலைக்கழகத்தார், பேராசிரியர் பாபாதுண்டே ஃபஃபுன்வாவின் தலைமையில், 1970இல் ஒரு முயற்சியைத் தொடங்கினர். மூன்றாண்டு தாய்மொழி, பின்னர் ஆங்கிலம் என்பதே அங்கு வழக்கம். இவர்களோ தொடக்கப் பள்ளியின் ஆறாண்டுகளிலும் கணக்கு, அறிவியல் முதலிய பாடங்களை யொரூபா மொழியிலேயே கற்பித்தனர். ஆங்கிலத்தை ஒரு பாடமாக, அதற்கெனத் தேர்ந்த ஆசிரியரைக் கொண்டு கற்பித்தனர். அவ்வாறு பயின்றோர் பிற பாடங்களில் மேம்பட்டு நின்றதோடு, ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை.

தாய்மொழிப் பற்றாளர் இத்துடன் நிறுத்திக்கொள்வர். நாம் கனடாவையும் காண வேண்டும். மான்ட்ரியாலை அடுத்த செயின்ட் லாம்பர்ட் என்னும் ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் தாமே முனைந்து, 1965இல் தம் மக்களை மழலையர் வகுப்பு முதற்கொண்டு பிரெஞ்சு மொழியிலேயே பயில வைத்தனர். மெக்கில் பல்கலைக்கழகத்து வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அக்குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். (ஊர்ப்பெயரும் ஆய்வாளர் பெயரும் ஒத்தமைந்தது தற்செயலே.) குழந்தைகள் பிரெஞ்சில் தேர்ந்தனர், ஆங்கிலத்தையும் இழக்கவில்லை.

இவ்விரு முடிவுகளும் முரண்பட்டனவா? லாம்பர்ட் அவர்களே இதற்கு விடை பகர்ந்தார். வீட்டு மொழிக்கு வெளியுலகில் மதிப்பு இருக்குமாயின், அயல்மொழி அதனுடன் கூடுகிறது. மதிப்பு இல்லையேல், அயல்மொழி வந்து வீட்டு மொழியைக் கழித்துவிடுகிறது. கனடாவில் ஆங்கிலத்துக்குக் கடைத்தெருவும் அலுவலகமும் காவல் நின்றன. தில்லித் தெருவில் தமிழுக்கு அத்தகைய காவல் ஏது?

ஆங்கிலப் பள்ளியை நாடும் பெற்றோரை நாம் பழிப்பதற்கில்லை. ஆலைத் தொழிலாளி ஒருவர் தம் மகளுக்கு உயர்நிலைப் பணிகளின் கதவு திறக்க வேண்டும் என்று விழைவது குற்றமன்று. மேடையில் தாய்மொழிக் கல்வியைப் போற்றிவிட்டுத் தம் பிள்ளைகளுக்கு வேறு வழி தேடுவோர் அவருக்கு அறிவுரை கூறுவதே நமக்கு உடன்பாடற்றது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவிடமெல்லாம் ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. ஒரே வகுப்பில் பஞ்சாபியும் வங்காளமும் தமிழும் பேசும் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் நகரத்தில் இஃது எளிதில் இயல்வதன்று.

ஆகவே பொறுப்பு நம் இல்லத்துக்கும் சங்கத்துக்கும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகளை ஆண்டு விழாவுக்குச் செய்யுள் ஒப்பிக்கும் பயிற்சியாகவே பலவிடத்தும் நடத்துகிறோம். இஃபேயில் குழந்தைகள் தாய்மொழியில் பாட்டு மட்டும் படிக்கவில்லை. கணக்கும் அறிவியலும் படித்தனர். நம் வகுப்பிலும் மழை எவ்வாறு பெய்கிறது என்பதைத் தமிழில் விளக்கலாம். கால், அரை, முக்கால் என்று நாள்தோறும் நம் வாயில் வழங்கும் சொற்களைக் கொண்டே பின்னக் கணக்கைத் தொடங்கலாம். பள்ளியில் கேட்கும் ஆங்கிலச் சொல் பின்னர் அதன்மேல் வந்து அமர்ந்துகொள்ளும்.