நிறத்துக்கு என்ன பால்?

ஸ்பானிய மொழியில் வெறுமனே வெள்ளை என்று சொல்லிவிட முடியாது. எது வெள்ளை என்று தெரிய வேண்டும். புத்தகம் ஆண்பால், ஆகவே 'லிப்ரோ பிளாங்கோ'. மேசை பெண்பால், ஆகவே 'மேசா பிளாங்கா'. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் ஆகியவையும் இப்படியே ஈறு மாறும். பச்சையும் நீலமும் மாறுவதில்லை: 'வெர்தே', 'அசுல்' இரு பாலுக்கும் பொது. ரோஜாப்பூவின் பெயரான 'ரோசா'தான் இளஞ்சிவப்புக்கும் பெயர். அதுவும் ஆண்பால் சொல்லோடு அப்படியே நிற்கும். பெண் குழந்தைகளுக்கென்று கடைகள் ஒதுக்கி வைத்திருக்கும் நிறம், இலக்கணத்தில் எந்தப் பாலுக்கும் வளைந்து கொடுப்பதில்லை.

அஃறிணையில் ஆண், பெண் பார்க்காத தமிழிலிருந்து போகும் எனக்கு, மேசை ஏன் பெண் என்ற கேள்வி எழுந்தது. காரணம் தேடுவது வீண். கையைக் குறிக்கும் 'மானோ' பெண்பால். நாளைக் குறிக்கும் 'தீயா' ஆண்பால். இதனால் மேசைக்கு உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை.

சிக்கல் பன்மையில் இருக்கிறது. பெண்பாலான சட்டையும் ஆண்பாலான கால்சட்டையும் சேர்ந்து வெள்ளையாக இருந்தால் 'பிளாங்கோஸ்', அதாவது ஆண்பால். சட்டைக்கு வலிக்காது. ஆனால் இதே விதிதான் மனிதர்களுக்கும். பெண்கள் மட்டும் கூடி 'நாங்கள்' என்றால் 'நொசோத்ராஸ்'. நூறு பெண்களோடு ஓர் ஆண் வந்து சேர்ந்தால் 'நொசோத்ரோஸ்'.

"இது வெறும் இலக்கணம், யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல" என்பார்கள். இருக்கலாம். ஒரு வழக்கம் உருவானதற்கு யாரும் பொறுப்பில்லாமல் போகலாம். அதைக் காத்து நிற்பவர்களுக்குப் பொறுப்பு உண்டு. ஸ்பானிய ராயல் அகாதெமி 1713இல் தொடங்கியது. அதில் இருக்கை பெற்ற முதல் பெண், கவிஞர் கார்மென் கோந்தே, தேர்வானது 1978இல். தனியொருத்தியாகப் பெரிய அகராதி ஒன்றைத் தொகுத்த மரியா மொலினேரை 1972இல் அகாதெமி தேர்ந்தெடுக்கவில்லை. ஆண்பால் பன்மை எல்லோரையும் உள்ளடக்கும் என்று சொன்ன அவையில் இருந்தவர்கள் யார் என்று கேட்பது இலக்கணத்துக்கு வெளியே போவதாகாது.

அர்ஜென்டினாவில் இளைஞர்கள் 'ஓ', 'ஆ' ஈறுகளுக்குப் பதிலாக 'எ' ஈறு வைத்து 'தோதெஸ்' என்று எல்லோரையும் அழைக்கத் தொடங்கினார்கள். வகுப்பறையில் ஆசிரியர்கள் இப்படிப் பேசக்கூடாது என்று 2022இல் புவெனோஸ் அய்ரெஸ் நகர அரசு தடை போட்டது. வெறும் இலக்கணம் என்றால், ஓர் எழுத்துக்குத் தடை எதற்கு?

நமது 'நாங்கள்' பால் பார்ப்பதில்லை என்று பெருமைப்பட அவசரம் வேண்டாம். பெண்ணைப் பற்றி "அது வந்துச்சு" என்று அஃறிணையில் பேசும் வழக்கு நம் ஊர்கள் பலவற்றில் இருக்கிறது. மேசைக்குக்கூடப் பால் தரும் மொழி ஒன்று. பெண்ணிடமிருந்து திணையையே எடுத்துவிடும் பேச்சு இன்னொன்று. எந்த மொழியும் தானாக நியாயமாகிவிடாது.

ஆகவே ஸ்பானிய மொழி படிக்கும் மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். சட்டைக்கும் கால்சட்டைக்கும் 'பிளாங்கோஸ்' என்றே எழுதுங்கள். மனிதர்களைச் சொல்லும்போது 'தோதாஸ் இ தோதோஸ்', பெண்கள் எல்லோரும் ஆண்கள் எல்லோரும், என்று சொல்லவும் அந்த மொழியில் இடம் இருக்கிறது. கூடுதலாக இரண்டே சொற்கள். அவ்வளவு மூச்சு நம்மிடம் இருக்கிறது.