களிமண் ஊரில் ஜியாலஜி

விருத்தாசலத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் "பி.எஸ்சி. ஜியாலஜி சேரலாமே" என்று சொல்லிப் பாருங்கள். "கல்லையும் மண்ணையும் படிக்கவா காலேஜ்?" என்று வீட்டிலிருந்து பதில் வரும். பீங்கான் சூளைகளின் ஊரான இங்கே, மண்ணால் சோறு உண்ணும் வீடாகவே அது இருக்கும் என்பதுதான் வேடிக்கை.

ஒன்றை வைத்துப் பிழைத்தால் போதாதா, அது என்னவென்றும் தெரிய வேண்டுமா? தெரியாமலும் நன்றாக வாழலாம், மறுக்கவில்லை. களிமண்ணை விரலில் உருட்டிப் பார்த்தே 'இது காயும்போது விரிசல் விடும்' என்று சொல்லிவிடும் தொழிலாளிக்குப் பட்டம் எதற்கு? அந்தக் கை அறிவை எந்தப் பட்டமும் தராது.

ஆனால் அவர் கையில் உள்ள கலவையைக் கவனியுங்கள். களிமண், குவார்ட்ஸ் பொடி, ஃபெல்ட்ஸ்பார். பொம்மையானாலும் பீஸ் கட்டையானாலும் ஏறக்குறைய இவைதான். ஃபெல்ட்ஸ்பார் நாமக்கல், கரூர்ப் பக்கத்துப் பாறைகளில் வெட்டுவது. அதே ஃபெல்ட்ஸ்பார் காலகாலமாக நீரில் ஊறிச் சிதைந்து, பொட்டாசியம் கரைந்துபோக, மிஞ்சியதுதான் வெள்ளைக் களிமண். பிறந்த வீட்டை விட்டு எப்போதோ போன பெண், தாயோடு சூளையில் மறுபடி சேர்கிறாள். வெப்பம் 1200 டிகிரியை நெருங்கும்போது உள்ளே முல்லைட் என்னும் கனிமம் ஊசி ஊசியாக வளர்கிறது. பீங்கானின் உறுதிக்கு அது முக்கியக் காரணம். இயற்கையில் முல்லைட் அரிது. ஸ்காட்லாந்தின் முல் தீவில் எரிமலைக் குழம்பு களிமண்ணைச் சுட்ட இடத்தில் கண்டு, 1924-இல் தீவின் பெயரையே சூட்டினார்கள். எரிமலை எப்போதோ செய்ததை நம் ஊர்ச் சூளை வழக்கமாகச் செய்கிறது. இது தெரிந்தால் கூலி ஒரு ரூபாய் கூடாது. ஆனாலும் தான் செய்வது இன்னதென்று தெரிந்து செய்பவனின் வாழ்வு வேறுதான் என்பது என் கட்சி.

இந்தப் படிப்புக்கு ஊரும் வாய்த்திருக்கிறது. பக்கத்தில் நெய்வேலி, 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வெளிவந்த பொருளில் தொடங்கிய கதை அது. அந்தப் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் படிவுகளிலிருந்துதான் நம் சூளைகளுக்கும் களிமண் வந்தது. ரயிலேறினால் அரியலூர், டைனோசர் காலத்துக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்ட் மூட்டையாகிறது. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940-இல் கண்டறிந்தவர் எம்.எஸ். கிருஷ்ணன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் அவர்தான்.

வேலை? மூன்று வருடப் பட்டத்தோடு நின்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுக்கே முதுகலை கேட்கிறார்கள். ஆக, ஐந்து வருடம். நடுவில் வெயிலில் சுத்தியலோடு பாறை பாறையாக அலையும் களப்பயணங்கள். இருபத்தொரு வயதில் சம்பளம் வந்தே ஆக வேண்டிய வீட்டுப் பிள்ளையை இதில் தள்ளாதீர்கள், அது அநியாயம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் போடுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைச் சாத்தனூருக்குக் கூட்டிப் போங்கள். அந்த மரத்தைப் பார்த்துவிட்டு அவன் கேள்வி கேட்டால் சேர்த்துவிடுங்கள். செல்போனில் படம் மட்டும் எடுத்தால், பி.காம். இருக்கவே இருக்கிறது.