சுவரில் தொங்கும் வன்னி

பழைய தேசப்படங்களையும் செப்புத்தகட்டுச் சித்திரங்களையும் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டி மகிழ்வோர் உளர். அழகை நாம் வெறுப்பவர்களல்லோம். ஆயினும் அவ்வழகு எதன்பொருட்டுப் பிறந்தது என்று கேட்பது நம் கடமையன்றோ?

1672இல் ஆம்ஸ்ரடாமில் வெளிவந்த பால்டேயஸ் பாதிரியாரின் நூலும், 1681இல் இலண்டனில் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலும் இலங்கைப் படங்களைத் தாங்கியவை. இத்தகைய பழைய நூல்களைப் பிய்த்துத் தாள் தாளாக விற்கும் வியாபாரிகள் உண்டு. (ஆட்டைக் கொன்று தோலை விற்பதினும் இது கொடிது, ஆட்டின் இறைச்சியாவது யாருக்கோ உணவாகிறது!) கண்டியரசனின் கைதியாயிருந்து 1679இல் தப்பிய நொக்ஸ், வடபுலத்தை ‘மலபார்’ மக்களின் நாடென்றும், அங்கு வன்னியன் ஒருவன் ஆள்கின்றான் என்றும் எழுதினார். படம் சுவருக்குப் போயிற்று. அவ்வரிகள் எங்கே போயின?

ஒல்லாந்தர் வன்னியரிடம் யானைகளைத் திறையாகப் பெற்றவர்கள். துறையும் கோட்டையும் யானைக்காடும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. படமும் அதற்கெனவே வரையப்பட்டது. குளங்கட்டி உழுதவனை யார் வரைந்தார்?

அதே மண்ணில், 2009இல் முடிந்த போரிலே காணி உறுதியையும் அனுமதிப் பத்திரத்தையும் இழந்தோர் பலர். 2017இல் கேப்பாப்புலவு மக்கள், இராணுவம் வைத்திருந்த தம் காணிகளைக் கேட்டுத் தெருவோரத்தில் அமர்ந்தனர். ஒருவருக்கு அலங்காரமாகும் நிலம், மற்றொருவருக்கு வாழ்வு.

மாட்டாதீர் என்று நாம் சொல்லவில்லை. கிளிநொச்சியின் பாடசாலைச் சுவர்களிலும் அப்படத்தின் பிரதி ஒன்று தொங்கட்டும் என்கிறோம். அங்கே மாணவன் முதலில் தன் ஊரையும் குளத்தையும் தேடுவான். காணாவிடில், ஏன் இல்லையென்று ஆசிரியரைக் கேட்பான்.